டோரீன் என்கிற கெண்டை

குடிசையிலிருந்து நீங்கள் எடுத்து வந்திருக்கும் அந்தச் சின்னக் குப்பியில் விஷம் எதுவும் இல்லை. அது மீனின் உதட்டுக்குப் போடும் மருந்து. தூண்டில் முள் குத்திய இடத்தில் ஒரு சொட்டு விட்டால் புண் பழுக்காது. நீங்கள் சிரிக்கலாம். எங்கள் குளத்துக்கு முதல்முறை வருகிறவர்கள் எல்லோரும் சிரிப்பார்கள். ஒரு பெரிய கெண்டையைக் கையில் ஏந்திப் பார்த்த பிறகு அவர்களே குப்பியைக் கேட்டு வாங்குவார்கள்.

நாங்கள் மீன் பிடிப்பது தின்பதற்கு இல்லை, இன்ஸ்பெக்டர். இது புரிந்தால் மற்றதெல்லாம் புரியும். பிடிக்கிறோம், நனைத்த மெத்தையில் கிடத்துகிறோம், எடை பார்த்துப் படம் எடுத்து, மருந்து போட்டுத் திரும்ப விடுகிறோம். படம் எடுக்க ஆள் இல்லையென்றால், துளைகள் உள்ள மெல்லிய துணிப் பையில் மீனை இட்டு, வாயைக் கட்டி, கரையோரத் தண்ணீரிலேயே சற்று நேரம் வைத்திருப்போம். அப்பா அந்தப் பைகளைத் துவைத்துக் கொடியில் காயப்போடுவார். என் சட்டைகளைவிட அவை சுத்தமாக இருக்கும்.

அப்பாவை உங்களுக்குத் தெரியும். டெரெக் பெக். எங்கள் குளம், சரளைக்கல் தோண்டியவர்கள் விட்டுவிட்டுப் போன பள்ளம். ஊஸ் ஆற்றிலிருந்து ஊறிய தண்ணீரும் குப்பையுமாகக் கிடந்ததை அவர்தான் குத்தகைக்கு எடுத்தார். நான் பிறந்த வருடம் விரல் நீளக் குஞ்சுகளை விட்டார். அதில் ஒன்றுதான் டோரீன். அவர் படித்த பள்ளியில் மதியச் சாப்பாடு பரிமாறிய அம்மாளின் பெயர். அதே வாய் என்பார். கரண்டியைத் தூக்கிக்கொண்டு திட்ட வருகிற மாதிரி.

டோரீனும் நானும் ஒன்றாக வளர்ந்தோம். அவள் என்னைவிடச் சீக்கிரம் பிரபலமானாள். அவளைப் பிடிப்பதற்காகவே ஆட்கள் வந்தார்கள். லாரி ஓட்டும் கொலின் ஒவ்வொரு விடுமுறைக்கும் வடக்கிலிருந்து வருவார். வருடக்கணக்கில் உட்கார்ந்து, ஒரு மழை நாளில் அவளைப் பிடித்துவிட்டு, அவளை மடியில் வைத்துக்கொண்டு அழுதார்.

"கல்யாணத்தன்னைக்குக்கூட நீ இப்படி அழலையேடா," என்றார் அப்பா.

"அன்னைக்கு அழுதிருக்கணும் டெரெக். அப்பத் தெரியலை."

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவள் நான்தான். நன்னீர் உயிரியல் படித்தேன். படித்து முடித்துத் திரும்பிய அன்று அப்பா குளத்தைச் சுற்றி ஒவ்வொரு கூடாரமாகப் போய்ச் சொன்னார். அதற்குப் பிறகு தூண்டில்காரர்கள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "வாங்க புரொபசர், இன்னைக்கு மீன் என்ன சொல்லுது?" கேலிதான். ஆனால் சொன்னதைக் கேட்பார்கள்.

நான் வந்த குளிர்காலத்தில்தான் நீர்நாய்களும் வந்தன. கரையில் முதல் மீன் கிடந்தது. தொண்டையும் குடலும் இல்லை, மிச்சமெல்லாம் அப்படியே இருந்தது. பசிக்குத் தின்றுவிட்டுப் போனால் ஒரு கணக்கு. இது கொஞ்சம் கடித்துவிட்டு அடுத்ததைப் பிடிக்கப் போகிறது. என் வயது மீன் ஒவ்வொன்றாகக் கரையில் கிடந்தது. அப்பா தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போய்ப் புதைத்தார். பெயர் உள்ளவற்றைத் தனித்தனியாகப் புதைத்தார்.

நீர்நாயைத் தொட்டால் சட்டம் பாயும். வேலி போடலாம். அதற்கு ஊர்க்குழு ஒப்புக்கொள்ள வேண்டும். திரு. ஃபெல் எதிர்த்தார். ஆலை வீட்டை வாங்கிக்கொண்டு வந்த, ஓய்வுபெற்ற வக்கீல். ஓடையோரத்தில் நீர்நாய் குட்டி போடுவதற்குக் கட்டைகளை அடுக்கி வளை கட்டிக் கொடுத்தவர். எங்கள் கரைக்கு எதிரே மரங்களில் கேமராக்களைக் கட்டி வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் லண்டன் நண்பர்களைக் கூட்டி வந்து காட்டுவார்.

ஊர்க்குழுக் கூட்டத்தில் அவர் குரலை உயர்த்தவில்லை. அவரைப் போன்றவர்கள் உயர்த்த மாட்டார்கள்.

"இது நீர்நாய்ங்களோட வீடு டெரெக். நாமதான் நடுவுல வந்தவங்க."

"நீங்க எப்ப வந்தீங்கன்னு எனக்குத் தெரியும் சார்," என்றார் அப்பா. "உங்க சோபாவை இறக்கினதே நான்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். ஃபெல்லும் சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "இயற்கை தன் வேலையைச் செய்யுது. அதுல நாம கை வைக்கக் கூடாது. இதை உனக்கு நான் சொல்லணுமா கெல்சி? நீ படிச்ச பொண்ணு."

படித்த பெண். உன் அப்பாவைப் போல இல்லை என்று பொருள். அதை அப்பாவை வைத்துக்கொண்டே சொன்னார். அப்பா தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து, சரளைப் பள்ளம் என்பது மனிதன் வெட்டியது, அதில் மீனை விட்டதும் மனிதன், இதில் இயற்கை எங்கே இருக்கிறது என்று கேட்டேன். நல்ல கேள்வி என்று பாராட்டினார். வேலிக்கு அனுமதி கிடைக்கவில்லை.

ஆகஸ்டில் டோரீன் போனாள். கொலின் விடுமுறை முழுக்க உட்கார்ந்திருந்தும் அவள் தலை காட்டவில்லை. நீர்நாய்தான் என்று நான் சொன்னேன். யாரும் மறுத்துப் பேசவில்லை. அப்பா மட்டும் கரையைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"ஒரு செதிலாவது கிடைக்கும் கண்ணு. கிடைச்சா மத்தவங்களோட சேர்த்துப் புதைச்சிடலாம்."

கிடைக்கவில்லை. டோரீன் இல்லாத குளத்துக்கு யார் வருவார்கள்? கொலின் தன் நாற்காலியை மடித்து லாரியில் போட்டுக்கொண்டு போனார். மற்றவர்களும் போனார்கள். அப்பா காலையில் பூட்ஸை மாட்டிக்கொண்டு அடுப்படியிலேயே உட்கார்ந்திருப்பார். மாலையில் கழற்றுவார்.

அந்தச் சமயத்தில்தான் ஃபெல் கடையில் வைத்து அதைக் கேட்டார். "மத்த மீனெல்லாம் கரையில கிடந்துச்சே. இவ்வளவு பெரிசு எங்க போயிருக்கும்?" ரொட்டி வாங்குகிற வரிசையில், வானிலை பற்றிக் கேட்பதுபோல.

நவம்பரில் நான் வலை வைத்தேன். விலாங்கு பிடிக்கும் வளைய வலை. நீர்நாய் நுழையாமல் இருக்க அதன் வாயில் ஓர் இரும்புச் சட்டகம் இருக்க வேண்டும் என்பது விதி. திருகாணிகளைக் கழற்றினால் வந்துவிடும். ஓடை குளத்தில் சேரும் இடத்தில், அவர் கட்டிய வளைக்குக் கீழே வைத்தேன். நீர்நாய்க்கு மீனைப் போலச் செவுள் இல்லை. உள்ளே வந்தால் திரும்பும் வழி தெரியாமல் மூழ்கிச் சாகும். தாயும் ஒரு குட்டியும் கிடைத்தன. புதருக்கடியில் புதைத்தேன். வருத்தம் இருந்ததா என்று கேட்டீர்கள். தள்ளிப்போட்ட வேலையை முடித்தால் ஒரு களைப்பு வருமே, அது இருந்தது.

ஃபெல் வந்தது மறுநாள் விடிகாலை, நான் வலையைப் பார்க்கப் போயிருந்தபோது. இன்னொரு குட்டி வலைக்குள் இருந்தது. ஓடையில் தண்ணீர் வடிந்திருந்ததால் அது மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு கத்தியது. அவர் இடுப்புவரை ஏறும் ரப்பர் காலணியோடு இறங்கினார். சரளைப் பள்ளத்தில் கரையிலிருந்து நாலடி போனால் தரை இருக்காது. எங்கள் ஊர்க் குழந்தைக்குக்கூடத் தெரியும். அவருக்குத் தெரியாது. வலையின் வால் முடிச்சை அவிழ்த்துவிட்டார், குட்டி வெளியே வந்துவிட்டது. அதை நான் தடுக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் ஓர் எட்டு பின்னால் வைத்தார். காலணிக்குள் தண்ணீர் நிறைந்தது.

"கெல்சி, அந்தக் கயிறைப் போடும்மா."

கரையில் கம்பத்துக்குக் கம்பம் கயிறு தொங்கும். அப்பா கட்டி வைத்தது. நான் எடுத்தேன். கையில்தான் இருந்தது.

"இதுல கை வைக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க சார்," என்றேன்.

அவர் முகத்தில் பயம் இல்லை. சபையில் யாரோ முறை தவறிப் பேசிவிட்டதுபோல ஓர் ஆச்சரியம், அவ்வளவுதான். பிறகு முகம் இல்லை. நான் கயிற்றைச் சுற்றிப் பழையபடி மாட்டினேன். அது காய்ந்திருந்ததை உங்கள் ஆள் சரியாகக் கவனித்தார். நான் அவரைத் தள்ளவில்லை. அவர் ஊரெல்லாம் சொல்லித் திரிந்த ஒரு வாக்கியத்தை அவரிடமே நடத்திக் காட்டினேன்.

இப்போது இந்தப் படம். அவரைத் தேடி இறங்கியவர்கள் எடுத்தது. பூர்ச்ச மரத்து வேருக்கடியில் ஒரு துணிப் பை, உள்ளே சரளைக்கல், எலும்பு, உள்ளங்கை அகலச் செதில்கள். ஆமாம், எங்கள் பைதான். முடிச்சும் நான் போடுகிற முடிச்சுதான்.

ஆகஸ்டில், வெயில் கொளுத்திய ஒரு நாள், நான் டோரீனைப் பிடித்தேன். வாழ்க்கையில் முதல்முறை. அப்பா சந்தைக்குப் போயிருந்தார். அவர் வந்து படம் எடுக்கட்டும் என்று பையில் இட்டு வேரில் கட்டினேன். அவருடைய வண்டி வழியில் நின்றுவிட்டது. எப்போது வேண்டுமானாலும் வந்துவிடுவார் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். சூடான தண்ணீரில் பிராணவாயு குறையும். அதைப் பற்றிப் பரீட்சையில் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவள் நான். தெரியும். ஆனால் அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது.

தண்ணீரில் இறங்குவதற்கு முன் ஃபெல் சொன்னதையும் சொல்லிவிடுகிறேன். "ஆகஸ்ட்ல என் கேமரா எடுத்த படங்களைப் பார்த்தேன் கெல்சி. பையைப் பத்தி எனக்குத் தெரியும். நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். உங்கப்பாகிட்ட நீயே சொல்றதுதான் நல்லது." கனிவாகத்தான் சொன்னார். அவர் எல்லாவற்றையும் கனிவாகத்தான் சொல்வார்.

நான் யோசித்துப் பார்த்தேன். நீர்நாய்கள் வராமல் இருந்திருந்தால் எனக்கு அந்த அவசரமே வந்திருக்காது. அவை அவளைத் தின்பதற்குள் ஒருமுறையாவது கையில் ஏந்த வேண்டும் என்றுதான் அன்றைக்குத் தூண்டிலை எடுத்தேன். கணக்கை நேராகப் போட்டால் இதில் என் பங்கு மிகக் குறைவு.

அப்பா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னீர்கள். ஃபெல்லைப் பற்றி நான் சொன்னது முழுக்க அவரிடம் சொல்லலாம், கையெழுத்துப் போடுகிறேன். இந்தப் படத்தை மட்டும் உள்ளே வையுங்கள். டோரீனைக் கொன்றது நீர்நாய். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.