செவ்வாய்க்கிழமை வராத கார்

எனது பெயர் பாக்கியராசா பிரவீனன். வயது முப்பத்தாறு. ஒஸ்லோ, புருசெத்தில் மனைவியுடன் வசிக்கிறேன். நோயாளர்களை மருத்துவமனைக்கு ஏற்றிச் செல்லும் கார்களை முன்பதிவு செய்யும் மென்பொருளைப் பரிசோதிப்பது என் வேலை.

ஒரே நேரத்தில் பல்லாயிரம் பேர் பதிவு செய்தால் மென்பொருள் தாங்குமா என்று பார்ப்பதை லோட் டெஸ்ட் என்போம். அதற்குத் தனி டேட்டாபேஸ் வேண்டும். அது உண்மையானதன் அளவுக்குப் பெரிதாகவும் கற்பனைப் பெயர்களால் நிரம்பியதாகவும் இருக்க வேண்டும். நிறுவனத்தில் இந்த விதியை எழுதியவனே நான்தான். கடந்த சனவரியில் ஒரு திங்கட்கிழமை, அந்தத் தனி டேட்டாபேஸ் பாதிகூட நிரம்பாதிருந்தது. மேலாளர் கேட்டபோது தயார் என்று சொல்லிவிட்டு, உண்மையான டேட்டாபேஸிலேயே சோதனையை ஓட்டினேன். அதன்பின் சோதனைப் பதிவுகளை அழித்தபோது நோயாளர் பதிவுகள் சிலவும் சேர்ந்து அழிந்தன. மறுநாள் முறைப்பாடுகள் வந்த பின்னரே அதைக் கண்டேன்.

கார் வராதவர்களில் ஒருவர் வெஸ்ட்லியில் வசிக்கும் கனகாம்பிகை அம்மா. சிறுநீரக நோய்க்கான இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகவேண்டிய அவர், வாசலில் பனிக்குள் நின்றுவிட்டுத் திரும்ப மாடியிலுள்ள வீட்டுக்கு ஏறியிருக்கிறார். தமிழர் என்பதால் அவரோடு பேச என்னை விட்டார்கள். அவர் கோபப்படவில்லை. "தம்பி, செவ்வாய்க்கிழமை எண்டுதான் போனிலை வந்தது. நான் திகதியை மாறிப் பாத்திட்டனோ?" என்று கேட்டார்.

"ஓம் அம்மா, மாறிப் பாத்திருப்பியள்" என்றேன்.

அவர் எனக்கு நன்றி சொன்னார்.

அதன்பின், சுத்திகரிப்புத் தவறியதால் அவர் மூச்சுத் திணறி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, குணமாகி வீடு திரும்பியதாக அறிந்தேன். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. சென்ற வாரம் அவருடைய மகள் தக்சிலா தொலைபேசியில் அழைத்தார். "அம்மா இப்ப தன்னையே நம்புறா இல்லை. அடுப்பை நிப்பாட்டிட்டுத் திரும்பத் திரும்பப் போய்ப் பாக்கிறா. மறதி வருத்தமோ எண்டு டொக்டரிட்டைக் காட்டப் போறம். அண்டைக்கு உண்மையிலை என்ன திகதி குடுத்தனீங்கள்?" என்று கேட்டார். நான் நடந்தது முழுவதையும் சொன்னேன். "நீங்கள் எங்கடை ஆள் எண்டுதானே அம்மா நம்பினவ" என்று மட்டும் சொல்லி அவர் இணைப்பைத் துண்டித்தார். அதன்பின் மேலாளரிடம் சொல்லிவிட்டு, நானாகவே இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு வாக்குமூலம் கொடுக்க வந்தேன்.

மேற்கூறியவை எனக்கு வாசித்துக் காட்டப்பட்டன. அனைத்தும் உண்மை, எவரும் வற்புறுத்திச் சொன்னவை அல்ல. கனகாம்பிகை அம்மா திகதியை மாறிப் பார்க்கவில்லை என்பதைத் தனி வரியாக எழுதி, அவர் வாசிக்கத் தமிழிலேயே ஒரு பிரதி கொடுக்கும்படி கேட்டுக் கையொப்பமிடுகிறேன்.

கனகாம்பிகை அம்மா திகதியைச் சரியாகவே பார்த்தார்.

(ஒப்பம்) பா. பிரவீனன்