பங்காளியின் தோல்

என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். மும்பை செம்பூரில் தோல் வளர்க்கும் ஆய்வகத்தில் லேபிள் எழுதும் வேலை எனக்குக் கிடைத்தது அதனால்தான். வாக்குமூலத்தைத் தமிழிலேயே எழுதித் தரலாம் என்று நீங்கள் சொன்னது பெரிய உதவி, மேடம்.

தாராவியில் என் கணவர் சுடலைக்கண்ணனும் அவருடைய சித்தப்பா மகன் பூலோகமும் சேர்ந்து தோல்பைப் பட்டறை நடத்தினார்கள். பசை டின் தீப்பிடித்ததில் இருவருக்கும் பாதி உடம்பு வெந்துபோனது. ஆளுக்குத் தபால்தலை அளவு நல்ல தோலை எடுத்து எங்கள் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். தலைமுடியைவிடப் பல நூறு மடங்கு மெல்லிய நானோ இழைகளால் ஆன வலையில் அந்தச் செல்களை விதைத்தால், மூன்று வாரத்தில் அவரவர் தோல் அவரவருக்கே வளர்ந்துவிடும்.

பூலோகத்தின் தட்டு நிறைந்துவிட்டது. என் கணவருடையதில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் ஒட்டியிருந்தது. இன்னும் ஒரு வாரம் புண்ணை மூடாவிட்டால் கிருமி ரத்தத்தில் ஏறிவிடும் என்று வார்டு டாக்டர் சொல்லியிருந்தார். என் கணவர் இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. விஞ்ஞானி ராஹில் ஒரு வாரமாக ஊரில் இல்லை; தினமும் தட்டுகளைப் பார்த்துக் குறித்தது நான்தான். அவர் திரும்புவதற்கு முந்தின நாள், இரண்டு லேபிள்களையும் மாற்றி ஒட்டினேன்.

அடுத்தவர் தோல் நிலைக்காது என்று தெரியாதா எனக் கேட்டீர்கள். தெரியும். ஆனால் பூலோகம் அடுத்தவரா? ஒரே தாத்தாவின் பேரன்கள், ஒரே குலசாமி. ஒரு பங்காளி செத்தால் எல்லாப் பங்காளி வீட்டுக்கும் பதினாறு நாள் தீட்டு. ரத்தம் ஒன்று என்பதால்தானே அது? சாவையே பங்குபோடுகிறவர்களுக்குத் தோல் ஒட்டாமலா போகும் என்று நினைத்தேன்.

பூலோகம் ஐந்தாம் நாள் இறந்தார். அவர் மனைவி மாடத்தி என் மடியில் விழுந்து, "ஒங்க லேபுல இவருக்கு மட்டும் ஏன்க்கா வளரல?" என்று கேட்டாள்.

"நம்ம நேரம்ட்டி," என்றேன். தீட்டில் ஒரு குறையும் வைக்கவில்லை. விளக்கேற்றவில்லை, கறி சமைக்கவில்லை.

என் கணவருக்குத் தோல் ஒட்டியது. எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார். சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. தோல் வைத்த பன்னிரண்டாம் நாள் நெஞ்சில் ஓர் ஓரம் உரிந்தது. மறுநாள் முதுகும்.

"சொந்தத் தோலு எப்படிக்கா உரியும்? ஒண்ணுமே சமஜ் ஆவல," என்றார் ராஹில். "மறுபடி எடுத்து வளக்கணும். மூணு வாரம் தாங்குவாரான்னு தெரியல."

பிறகு, பூலோகம் என்று நான் எழுதி ஒட்டிய தட்டை எடுத்துக் காட்டினார். விளிம்புவரை நிறைந்திருந்தது. மெதுவாக வளர்கிற தோல், அவ்வளவுதான். "ஆளு போனப்புறம் ஜம்முனு வந்திருக்கு பாருங்க. பேக்கார், இனி யாருக்கும் ஆவாது. ப்ளீச் ஊத்திருங்கக்கா."

அது என் கணவரின் தோல். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்று மாலையே அவர் நெஞ்சில் வைத்திருப்பார்கள். ஆனால் தம்பியைச் சாகவிட்டு எடுத்த தோலில்தான் இத்தனை நாள் மூச்சுவிட்டோம் என்று அவருக்குத் தெரிந்துபோகும். பிழைத்து வந்து, ஆயுசு முழுக்க என்னை வேறு மாதிரி பார்ப்பார். அதை என்னால் தாங்க முடியாது. ப்ளீச் ஊற்றினேன். வெளுத்துச் சுருங்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. யாருடைய தோல் என்று சோதித்துப் பார்க்க ராஹில் அதிலிருந்து ஒரு துணுக்கை முன்பே எடுத்து வைத்திருந்தது எனக்குத் தெரியாது.

பூலோகத்தின் தீட்டு கழிவதற்குள் இவரும் போய்விட்டார். கடைசிவரை என் கையை விடவில்லை. "நீ அந்த லேபுல இல்லன்னா நான் என்னைக்கோ போயிருப்பேன், மகேசு," என்றார். அந்த நம்பிக்கை கலையாமல் அவரை அனுப்பிவைத்தேன். கட்டின புருஷனுக்கு ஒருத்தி இதற்கு மேல் என்ன செய்ய முடியும், மேடம்?