ரோஜாப்பூ டப்பா இரண்டு

டொப். பிறகு ஓர் இழுப்புச் சத்தம், கிழிந்த துணியை மேலும் கிழிப்பதுபோல. பிறகு தரை அதிர்கிறது. முதல் சத்தத்துக்கும் அதிர்வுக்கும் நடுவே இரண்டு மூச்சு விட நேரம் இருக்கிறது. அந்த நேரத்தில் ஓடுகிறோம்.

1955 ஏப்ரல் 28. வியாழன். மதியச் சோறு தட்டில் கிடக்கிறது. இடம் சைகோனுக்கும் சோலோனுக்கும் நடுவில், கால்வாயை ஒட்டிய சந்து. பலகைச் சுவர்கள். ஓலைக் கூரைகள். ஒரு பக்கம் அரசுப் படை. மறுபக்கம் நகரத்தின் சூதாட்ட விடுதிகளைக் கையில் வைத்திருந்த ஆயுதக் கும்பல். விழுவது யாருடைய குண்டு என்று எங்களுக்குத் தெரியவில்லை.

"பத்திக்கிச்சு! பின்பக்கம் பத்திக்கிச்சு! ஓடு!"

கத்துவது என் அண்ணன் சவரி. வயது இருபத்து நான்கு. அப்பாவின் ஒரு கையைத் தன் தோளில் போட்டிருக்கிறான். அப்பாவுக்கு முழங்கால் சரியில்லை. மறுபக்கம் நான். முன்னால் அம்மா, வெறுங்காலோடு. அம்மா அந்த ஊர்க்காரி. வியட்நாமியப் பெண். சந்தின் குறுக்குவழிகள் அவளுக்குத்தான் தெரியும்.

பாலத்தடிக்கு வந்துவிட்டோம். அங்கே கல் சுவர் இருக்கிறது. உட்கார்ந்தோம். அப்பொழுதுதான் அப்பா கத்தினார்.

"டப்பா! காயிதமெல்லாம் டப்பாவுலடா!"

டப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா புதுச்சேரிக்காரர். இருபது வயதில் கப்பலேறி வந்து சைகோன் துறைமுகத்தில் கணக்கு எழுதினார். ஊரில் அவருடைய பெற்றோர் அவர் பெயருக்கு விட்டுப்போன மாடிவீடு ஒன்று இருந்தது. பார்த்துக்கொண்டவர் சித்தப்பா. ஆண்டுக்கு ஒருமுறை சித்தப்பாவிடமிருந்து கப்பலில் ஒரு பிஸ்கட் டப்பா வரும். மூடியில் ரோஜாப்பூ. உள்ளே வடகம். சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, உளுந்து எல்லாம் இடித்து, விளக்கெண்ணெய் விட்டு உருட்டி, மொட்டைமாடி வெயிலில் நாள்கணக்கில் காயவைத்தது. ஓர் உருண்டையை உதிர்த்துத் தாளித்தால் எங்கள் சந்து முழுக்கத் தெரியும். அன்றைக்கு அப்பா அதிகம் சாப்பிடுவார். பேசுவார். "இது எங்க மாடி வெயிலு. நாக்குல வச்சாலே தெரியும்" என்பார். மற்ற நாள்களில் அவர் பேசுகிறவர் அல்ல.

காலி டப்பா ஒன்றை அவர் எறியவில்லை. வீட்டுப் பத்திரம், ஞானஸ்நானச் சான்று, பிறப்புச் சான்றுகள் எல்லாவற்றையும் அதில்தான் வைத்திருந்தார். விளக்கெண்ணெய் ஊறிய தகரத்தில் பூச்சி அண்டாது என்பது அவர் நம்பிக்கை. ஆகவே ஒரே அலமாரித் தட்டில் ஒரே மாதிரி இரண்டு ரோஜாப்பூ டப்பாக்கள். ஒன்றில் காகிதம். ஒன்றில் வடகம்.

சவரி திரும்பி ஓடினான். வந்தான். சட்டையெல்லாம் கரி. டப்பாவை அப்பாவின் மடியில் வைத்தான். அப்பா அதை ஆட்டிப் பார்த்தார். கடகடவென்று உருண்டது.

"டேய், இது வடகம்டா!"

அண்ணன் சிரித்தான். இதை நான் பார்த்தேன். பற்கள் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தன.

"ரெண்டும் ஒரே நாத்தம்பா. மோந்து பாத்தாவா எடுக்க முடியும்?"

மறுபடி ஓடுகிறான். அம்மா அவள் மொழியில் கத்துகிறாள். நான் தமிழில் கத்துகிறேன். "வேணாண்ணா! கூரை எறங்குது! வந்துடு!" டொப். இழுப்புச் சத்தம். அதிர்வு. சந்தின் அந்த முனையில் கூரைகள் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்கின்றன. மூங்கில் கணுக்கள் வெடிக்கும் ஓசை, பட்டாசுக் கட்டு போல. நெடுநேரம்.

மறுநாள் தேடினோம். அவன் குப்புறக் கிடந்தான். மார்புக்கு அடியில் டப்பா இருந்தது. இந்தமுறை சரியான டப்பா. மூடியைத் திறந்தேன். காகிதங்கள் அடுக்குக் குலையாமல் சாம்பலாகியிருந்தன. விரல் பட்டதும் உதிர்ந்தன. அந்த டப்பாவோடுதான் அவனைப் புதைத்தோம்.

நான் சைகோனில் ஒரு நாளிதழில் பிழை திருத்துபவளாக இருந்தேன். பார்த்ததைப் பார்த்ததாக எழுது, கேட்டதைக் கேட்டதாக எழுது என்பது அங்கே கற்றது. இதுவரை பார்த்தது. இனி வருவதும் பார்த்ததுதான்.

துறைமுக அலுவலகம் ஒரு சான்று எழுதிக் கொடுத்தது. கப்பலேற அது போதும். பிரான்சில் மார்சேய்க்கும் போகலாம், இந்தியாவுக்கும் போகலாம் என்றார்கள். அம்மா இரண்டுக்கும் மறுத்தாள். மகனைப் புதைத்த மண்ணை விட்டு வர மாட்டேன் என்றாள். அவள் தங்கை அங்கே இருந்தாள். அப்பா விடவில்லை.

"மார்சேய்ல நமக்கு யாரு இருக்கா? இங்க என்னா மிச்சம்? அங்க வூடு இருக்கு. தம்பி இருக்கான். பத்திரம் போனா என்னா, வூடா போச்சு?"

சித்தப்பாவுக்குத் தந்தி கொடுத்தோம். பதில் வரவில்லை. தபால் கெட்டுக்கிடந்த நேரம். அப்பா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கப்பலில் காலையும் மாலையும் ஒரே சாறு. வெந்நீரில் முட்டைக்கோஸ். அம்மா வடக உருண்டை ஒன்றைத் துணியில் வைத்து நசுக்கி அப்பாவின் கிண்ணத்தில் தூவினாள். வாசனை எழுந்தது. பக்கத்தில் இருந்த காரைக்கால்காரர் ஒருவர் கிண்ணத்தை நீட்டினார். பிறகு இன்னொருவர்.  ஒருவர் மூக்கைச் சிந்தினார். அப்பா அம்மாவிடம் சொன்னார்: "மாடி பெருசு. நீயே ஒலத்திக்கலாம்." அம்மா தலையை ஆட்டினாள். அவள் நம்பினாள் என்றே நினைக்கிறேன். நானும் நம்பினேன். அந்த வீட்டை நான் பார்த்ததே இல்லை. ஆனால் அதன் வெயிலைத் தின்று வளர்ந்திருந்தேன்.

சென்னையில் இறங்கி, விழுப்புரத்தில் ரயில் மாறி வந்தோம். புதுச்சேரி நிலையத்தில் எங்களை அழைக்க யாரும் வரவில்லை. இங்கும் ஊருக்கு நடுவே ஒரு கால்வாய். அதற்கு மேற்கே வீடு. பச்சைக் கதவு என்பார் அப்பா. கதவு நீலமாக இருந்தது. தட்டினோம். திறந்தவர் துணி வியாபாரி. அப்பா பெயரைச் சொன்னார். அவர் கேட்டுக்கொண்டார். மரியாதையாகவே பேசினார்.

"நான் வாங்கி ஏழு வருசம் ஆவுதுங்க. ஒங்க தம்பிதான் வித்தாரு. நீங்க எழுதிக் குடுத்த அதிகாரப் பத்திரம் வச்சிருந்தாரே."

"இருக்காதுங்க. போன கோடையில கூட இந்த மாடியிலதான் எங்களுக்கு வடகம் காஞ்சிருக்கு."

"இந்த மாடியில நாங்க துணிதான் காயப்போடறோம்."

அப்பா அண்ணாந்து பார்த்தார். கொடியில் வேட்டிகள் காய்ந்துகொண்டிருந்தன. எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். குடித்தோம். சித்தப்பா ரெட்டியார்பாளையத்தில் வீடு கட்டிக்கொண்டு போய்விட்டதாகச் சொன்னார்கள். அங்கே போனோம். காரைக்காலுக்குப் போயிருக்கிறார், எப்பொழுது வருவாரோ தெரியாது என்று வாசலில் நின்றே சித்தி சொன்னார். உள்ளே கூப்பிடவில்லை.

வாடகைக்கு ஓர் அறை பிடித்தோம். அப்பா ஒரே பேச்சில் நின்றார். என்னவோ நெருக்கடி, விற்றிருப்பான், வேறு மாடியில் காயவைத்து அனுப்பியிருப்பான், வந்தால் சொல்வான். வடகத்தைச் சாட்சிக்கு அழைத்தார். "மறந்தவனா வருசா வருசம் ஒலத்தி அனுப்புவான்?"

சமைக்கச் சட்டி ஒன்று இரவல் கிடைத்தது. அரிசி போட்டுவைக்கப் பாத்திரம் இல்லை. மிச்ச வடகத்தைத் துணியில் முடிந்துவிட்டு, டப்பாவை எடுத்துக்கொண்டு மூவரும் பெரிய மார்க்கெட் போனோம். அம்மாவுக்கு மீன் கடைகளைப் பார்க்க வேண்டும். சைகோன் வாசனை ஏதாவது இருக்குமா என்று அவள் தேடினாள். கருவாட்டுக் கடைகளைத் தாண்டியதும் மசாலாக் கடைகள். ஒருத்தி தாம்பாளத்தில் வடகம் குவித்து வைத்திருந்தாள். என் கையைப் பார்த்தாள்.

"அட, இது நம்ம சைகோன் டப்பா இல்ல? சைகோனுக்கு அனுப்பணும்னு ஒரு அண்ணன் இந்த ரோசாப்பூ டப்பாவத்தான் வாங்கியாருவாரு. நான்தான் நெறச்சு, சீலை சுத்திக் கட்டிக் குடுப்பேன். நீங்கதான் சைகோன் அய்யாவா? எண்ணெ கசியாம வந்துச்சா?"

முகம் மலர்ந்து கேட்டாள். அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. அப்பா குனிந்து தாம்பாளத்திலிருந்து ஓர் உருண்டை எடுத்தார். உடைத்தார். மோந்தார். நாக்கில் வைத்தார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதே வடகம்தான்.

"நல்லா வந்துச்சும்மா" என்றார். அரிசி வாங்காமல் திரும்பினோம்.

சித்தப்பா அந்த வாரமே அகப்பட்டார். ரெட்டியார்பாளையத்து வீடு ஓட்டுக் கூரை. மாடி இல்லை. சித்தி காபி வைத்தார். யாரும் எடுக்கவில்லை.

"அண்ணே, நீ திரும்பி வருவேன்னு யாரு கண்டா? கப்பலேறிப் போனவன் எவன் வந்தான்?"

"அப்போ எதுக்குடா டப்பா?"

"நீ ஆசையாச் சாப்புடுவியேன்னுதான். அதுவும் குத்தமா?"

அவர் குரலில் நடிப்பு இல்லை. இதையும் பதிய வேண்டும். அவர் அதை அன்பு என்றே நம்பினார்.

அம்மா பேசினாள். அவள் தமிழ் அப்பாவிடம் கற்ற தமிழ். "மகன் தீயில போனான். ஒங்க வூட்டுக் காயிதம் எடுக்கப் போனான்." சித்தி வாயைப் பொத்திக்கொண்டார். சித்தப்பா தரையைப் பார்த்தார். "நான் என்னாத்தக் கண்டேன்" என்றார். அவ்வளவுதான். அப்பா துணி முடிச்சை மேசைமேல் வைத்தார். "இந்தா. மிச்சம்."

அதன்பிறகு எங்கள் வீட்டில் வடகம் தாளிக்கவில்லை. அடுத்த வீட்டில் தாளித்தால் அப்பா எழுந்து தெருவுக்குப் போவார்.

அம்மா கனகசெட்டிக்குளத்திலிருந்து கூடை சுமந்து வருபவளிடம் நெத்திலி வாங்கினாள். உப்பிட்டு, பானையில் அடைத்து, வாயைக் கட்டிக் கொல்லையில் வைத்தாள். வீட்டுக்காரர் வந்து நின்றார். "இன்னாம்மா, பொணம் கிணம் பொதச்சிருக்கியா?" அம்மா பானை வாயை இன்னும் இறுக்கிக் கட்டினாள். ஓராண்டு ஆயிற்று. தேன் நிறத்தில் வடிந்தது. சைகோனில் எல்லா வீட்டிலும் இருக்கும் மீன்சாறு. அங்கே இருந்தவரை அப்பா அதைத் தொட்டதில்லை. இங்கே அம்மா சூடான சோற்றில் விட்டு முதல் கவளத்தைத் தின்று அழுதாள். அப்பா தன் தட்டை நகர்த்தினார். "எனக்கும் ஊத்து." பிறகு நாள்தோறும் அதையே கேட்டார். பிறந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, மகன் இருக்கும் ஊரைச் சாப்பிட்டார்.

1961இல் அப்பா இறந்தார். தை மாதம். சித்தப்பா வந்தார். வாசலோடு போனார்.

1962இல் இந்த ஊர் சட்டப்படியும் இந்தியாவோடு சேர்ந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமானால் காகிதம் காட்டச் சொன்னார்கள். பக்கத்து வீடுகளில் பெட்டிகள் திறந்தன. நாங்கள் வரிசையில் நிற்கவில்லை.

ஆகவே கணக்கு இது. சவரி, என் அண்ணன். அவன் கல்லறை, அதற்கு மெழுகுவத்தி ஏற்ற ஆள் உண்டா, தெரியாது. சின்னம்மா, அம்மாவின் தங்கை, கடிதங்கள் நின்றுபோயின. சைகோன் வீடு, எரிந்தது. புதுச்சேரி வீடு, எரியவில்லை. தெருவில் போகும்போது பார்க்கலாம். அப்பா. அப்பாவின் தம்பி, உயிரோடு. ரோஜாப்பூ டப்பா இரண்டில் ஒன்று.

மற்றது அம்மாவிடம் இருக்கிறது. அதில் அரிசி போட்டு வைக்கிறாள். ஏழு வருடங்களாகியும் தகரத்தில் ஊறிய வாசனை அரிசியில் ஏறுகிறது. அம்மா ஒரு தண்ணீர் கூடுதலாக விட்டுக் களைகிறாள்.