ஓடுகிற எஞ்சினில் கைவைப்பதில்லை

பல் பிடுங்கிய பிறகு கொஞ்ச நேரம் பேசக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பஞ்சை நன்றாகக் கடித்துக்கொண்டு இப்படியே சாய்ந்திருங்கள், மச்சான். வாய் மரத்திருப்பதால் நீங்கள் பேசினாலும் யாருக்கும் புரியப்போவதில்லை. வெளியே டோக்கன் கொடுத்துக்கொண்டிருக்கும் உங்கள் தங்கைக்கும் புரியாது. பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு விசில் ஊதி அத்தனை பிள்ளைகளையும் நிற்கவைக்கிற விளையாட்டு வாத்தியார் நீங்கள். உங்களிடம் ஒரு விஷயத்தை முழுசாகச் சொல்லி முடிக்க எனக்கு இன்றைக்குத்தான் வாய்த்தது.

உங்கள் மஞ்சள் வண்டியைப் பற்றித்தான்.

என் ஆசை உங்களுக்குத் தெரியும். எஞ்சின் பின்னால் இருக்கிற பழைய கார் ஒன்றை எடுத்து, களைத்துப்போன எஞ்சினை இறக்கிவிட்டு, புது எஞ்சினை ஏற்றி ஓட்ட வேண்டும். பார்க்கப் பழசு, மிதித்தால் புதுசு. எஞ்சின் முன்னால் இருக்கிற வண்டிகளும் கிடைக்கும்தான். ஆனால் அவற்றில் எஞ்சினைத் தூக்க ஆளும் கிரேனும் வேண்டும். உங்கள் வண்டி மாதிரியானவற்றில் சில போல்ட்டுகளைக் கழற்றினால் போதும், நேரான வேருள்ள பல் மாதிரி கையோடு வந்துவிடும். தொழில் பழக்கம், எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

புது எஞ்சினை முதலிலேயே வாங்கி ஷெட்டில் போர்வை போர்த்தி வைத்துவிட்டேன். "புள்ள பொறக்கறதுக்கு முன்னாடியே ஸ்கூல்ல சீட் வாங்குற ஆளு நீங்கதான்" என்றாள் உங்கள் தங்கை. அவள் கிண்டலில் நியாயம் இருந்தது. ஆகவே வண்டி தேடப் புறப்பட்டேன்.

தேர்வில் நான் அவசரப்படவில்லை என்பதை நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். சட்டைப்பையில் ஒரு காந்தத்தைப் போட்டுக்கொண்டுதான் போனேன். காந்தம் ஒட்டினால் அது தகடு, ஒட்டாவிட்டால் துருப்பிடித்த ஓட்டையை மறைக்க மேலே பூசிய மாவு. கோழிப்பண்ணைக்காரர் வண்டி வெளியே பளபளவென்றுதான் இருந்தது. காந்தத்தை வைத்தால் பொத்தென்று கீழே விழுகிறது. பல்லைவிட அடைப்பு அதிகம். வக்கீல் வீட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்து காலை ஊன்றினேன், செருப்பு தெருவில் பட்டது. இரண்டிலும் எஞ்சின் செத்திருந்தது, உடம்பும் செத்திருந்தது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, உங்கள் வீட்டில் மதியம் சாப்பிட்டுவிட்டு, நீங்கள் சோபாவில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தபோது, வெறுமனே பொழுதுபோகாமல் உங்கள் வண்டியில் காந்தத்தை வைத்துப் பார்த்தேன். கதவில் ஒட்டியது. கூரையில் ஒட்டியது. குனிந்து அடியில் வைத்தேன், எடுக்க வரவில்லை. காந்தத்தைப் பிடித்தபடி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஊரெல்லாம் அலைந்தேனே, வீட்டிலேயே இருந்ததே என்று.

ஒரே ஒரு குறை. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

இந்தப் பழைய கார்ப் பைத்தியம் பிடித்தவர்களுக்குள் ஒரு தர்மம் உண்டு, மச்சான். வண்டியோடு பிறந்த எஞ்சின் ஓடுகிறவரை அதைக் கழற்றக் கூடாது. என் தொழிலிலும் அப்படித்தான், நன்றாக இருக்கிற பல்லில் கைவைக்கக் கூடாது. நான் இரண்டையும் மீறியதில்லை. அதனால் முதலில் முறையாக உங்களிடம் கேட்டேன். நீங்கள் எண்ணெய் அளவு பார்த்துக்கொண்டே என்ன சொன்னீர்கள்?

"ஓடுற வண்டிய எதுக்கு மாப்ள குடுக்கணும்? நின்னா பாத்துக்கலாம்."

நின்றால் பார்த்துக்கொள்ளலாம். எல்லோரும் இதை ஆளைத் தட்டிக்கழிக்கத்தான் சொல்வார்கள். நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்று உங்கள் மேல் மரியாதை வைத்து, அதை வாக்காக எடுத்துக்கொண்டேன். நீங்கள் ஒரு நிபந்தனை வைத்தீர்கள். அது நிறைவேறுவதுதான் பாக்கி.

நீங்கள் எல்லோரிடமும் பெருமையடித்துக்கொள்வீர்களே, "தண்ணியே கேக்காத வண்டி" என்று. காற்றாலேயே சூடு தணிகிற எஞ்சின். தினமும் எண்ணெய் பார்ப்பீர்கள், டயரைத் தட்டிப் பார்ப்பீர்கள். காற்று வருகிறதா என்று ஒருநாளும் பார்த்ததில்லை. காற்றுதானே, எங்கே போய்விடும் என்ற நினைப்பு. எஞ்சினை மூடுகிற பின்மூடிக்குப் பூட்டும் கிடையாது. உள்ளே காற்றை இழுக்கிற விசிறியின் வாயில் கொஞ்சம் பஞ்சு வைத்தேன். நல்ல பஞ்சு, கிளினிக்கில் வைத்திருப்பதுதான். விசிறி இழுக்கிற இழுப்பில் அது தானாகவே ஒட்டிக்கொள்ளும். அடுத்த ஞாயிறு இன்னும் கொஞ்சம். பல் நரம்பைச் சாகடிப்பதிலும் நாங்கள் அவசரப்படுவதில்லை. மெதுவாகச் செய்தால் பல்லுக்கே தெரியாது.

உங்களுக்கும் தெரியவில்லை. "ரெண்டு வாரமா கொஞ்சம் கொதிக்குது மாப்ள, வெயில் போல" என்றீர்கள். வெயில்தான் என்றேன். அன்று மத்தியானச் சாப்பாடு பிரமாதமாக இருந்தது.

தண்ணீர்த் தொட்டி மேட்டில் எஞ்சின் இறுகி நின்றதும் என்னைத்தான் முதலில் கூப்பிட்டீர்கள். வந்து பார்த்தால், முன்பக்க டிக்கியில் இருந்த பள்ளிக்கூடத்துப் பந்துகளையெல்லாம் நடுரோட்டில் இறக்கிவைத்துவிட்டு, அதன் நடுவில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தீர்கள். அதை நான் எதிர்பார்க்கவில்லை. எனக்கும் கண் கலங்கிவிட்டது. உங்கள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அது நடிப்பில்லை.

மெக்கானிக் பின்மூடியைத் திறந்து, கருகிப்போன பஞ்சை ஸ்குரூ டிரைவரால் நோண்டி எடுத்துப் பார்த்துவிட்டு, "எலி கூடு கட்டியிருக்கு சார்" என்றார். அனுபவசாலி. அவர் சொன்ன பிறகு மறுத்துப் பேசுவது மரியாதையாக இருக்காது என்று சும்மா இருந்தேன். நீங்கள் நடுத்தெருவில் நின்று கத்தினீர்கள்.

"அந்த எலி மட்டும் என் கையில கெடைக்கட்டும், பல்லப் பேத்துடுறேன்!"

மறுநாளே ஒரு பூனையும் வந்துவிட்டது. பாவம், அது பாட்டுக்குப் பின்மூடி மேல் படுத்துக் கிடக்கிறது. என்னைப் பார்த்தால் மட்டும் எழுந்து உட்காருகிறது.

சரி, வண்டி நின்றுவிட்டது. துக்கம் ஆறட்டும் என்று சில நாள் பொறுத்து உங்கள் வாக்கை நினைவுபடுத்தினேன். "நின்னா பாத்துக்கலாம்னு சொன்னீங்களே மச்சான்?"

"பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன் மாப்ள! வக்கீல் வண்டி எஞ்சினப் பேசி முடிச்சிட்டேன். ரெண்டையும் பிரிச்சு, நல்லதெல்லாம் சேத்தா ஒண்ணு தேறும்னு மெக்கானிக் சொல்லிட்டாரு. அடுத்த வாரம் ஓடிரும்."

எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னீர்கள். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. அது ஓடினால் மறுபடி தர்மம் குறுக்கே வரும். மறுபடி ஞாயிறுகள், மறுபடி பஞ்சு. பழைய எஞ்சின்களில் நல்லதாகப் பொறுக்கி எடுத்துச் சேர்த்த ஒன்றை மறுபடி சாகவிட எனக்கு மனசு இல்லை. நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. அதனால்தான் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன். அந்த எலி நான்தான்.

கைப்பிடியை அப்படி இறுக்கிப் பிடிக்காதீர்கள், ரத்தம் நிற்காது. பஞ்சைத் துப்பவும் வேண்டாம்.

யோசித்துப் பாருங்கள். வண்டி என் ஷெட்டுக்கு வந்தால் புது எஞ்சினோடு பறக்கும், நீங்கள் வேண்டும்போதெல்லாம் வந்து உட்காரலாம். உங்களிடமே இருந்தால் எலித் தொல்லை இருந்துகொண்டேதான் இருக்கும். பூனை தூங்குகிற பூனை. சம்மதம் என்றால் தலையை மட்டும் ஆட்டுங்கள், உங்கள் தங்கையிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

பாருங்கள், இதுதான் உங்கள் பல். தட்டில் வைத்திருக்கிறேன். வேர் நேராக, வெள்ளையாக, ஒரு கீறல்கூட இல்லை. பல் சுத்தம் செய்யத்தான் வந்தீர்கள் என்பது எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் நீங்கள் பேசாமல் கேட்க வேண்டியிருந்தது, என் தர்மத்தையும் நான் விடவில்லை. கடைவாயில் இடுக்கியை வைத்துப் பார்த்தபோது இந்தப் பல் கல் மாதிரி உறுதியாக இருந்தது. அதனால் முதலில் நன்றாக ஆட்டினேன். ஆடுகிற பல்லைத்தான் பிடுங்கினேன்.