மூணு றாத்தல் இழுவை

...பைத்தியம் முத்திப்போச்சுன்னுதான் சொல்லணும், ஹாஷிம் நானா. இருவது வருசமா தோட்டத்துல தேயிலைக் கொழுந்து நிறுக்கிற கணக்கப்பிள்ளை நான். எனக்கே நிறுவையப் பத்திப் பாடம் எடுக்கிறாரு எங்க வெள்ளைக்காரத் தொர.

சீமையிலருந்து ஒரு பொஸ்தகம் வந்துச்சு. அதுல ஒரு மிருகம், டைனோசராம். மனுசனே பொறக்காத காலத்துல இருந்துச்சாம். பல்லி மாதிரி ஒடம்பு, பத்து யானை கனம்... சரி, செத்தது செத்துப்போச்சு, விடவேண்டியதுதானே? எலும்பை வச்சுக் கணக்குப் போடுறாரு. 'அழகரு, இந்தக் காலு அத்தனை கனத்தைத் தாங்காது, ஒடிஞ்சிரும். ஆனா அது நடந்திருக்கு. அப்போ அந்தக் காலத்துல பூமி கொறைவாத்தான் இழுத்திருக்கணும்'னாரு. இழுக்குதாம்! பூமி என்ன வண்டி மாடா?

என் போதாத காலம், போன வாரம் இங்க பதுளைக்கு, ஒங்க கடைக்கு வந்தப்ப ஒரு மூட்டையை ஒங்க கொக்கித் தராசுல தொங்கவிட்டாரு. இருவத்தஞ்சு றாத்தல். அதே மூட்டை, மலைக்கு மேல என் தராசுல இருவத்திரெண்டு. குதிச்சாரு பாருங்க... 'மேல போகப் போக இழுவை கொறையுது, அப்போ அந்தக் காலத்துலயும் கொறைஞ்சுதான் இருந்திருக்கும்'னு சீமைக்குக் கடுதாசியே எழுதிட்டாரு. காலம்பற வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுல நின்னு சனத்துக்கெல்லாம் சொல்றாரு. நானும் ஆமாங்க தொரன்னேன். வேற என்ன சொல்ல?

அந்த மீனாம்பா இருக்காளே, கொழுந்து பறிக்கிறவ... சும்மா நின்னிருக்கலாம்ல? 'தொர, இந்தத் தராசையே பதுளைக்குக் கொண்டுபோயி அதே மூட்டையை நிறுத்துப் பாருங்க. பூமிதான் காரணம்னா அங்க இருவத்தஞ்சு காட்டணுமே'ன்னா. கையெழுத்துப் போடத் தெரியாதவ! தொரைக்கு ஒரே சந்தோசம். தராசை பங்களாவுல வச்சுப் பூட்டிட்டாரு. நாளைக்கு ஒங்க கடைக்குத்தான் கொண்டாராரு.

இங்கயும் இருவத்திரெண்டுதான் காட்டும், நானா... அப்படிப் பார்க்காதீங்க. என் தராசோட சுருள்கம்பிக்குள்ள ஒரு தகரத் துண்டு இருக்கு. நான்தான் செருகினேன். ஈரத்துக்கு, கூடைக்குன்னு எல்லாத் தோட்டத்துலயும் கழிக்கிறதுதான். நான் அதுக்கு மேல மூட்டைக்கு மூணு றாத்தல் கழிச்சு, அதைக் கொழுந்து பறிக்கிற என் தங்கச்சி பேருல எழுதிக்கிட்டேன். இப்போ எடுத்திரலாம்னா பூட்டிக் கெடக்கு. தெரிஞ்சா வேலையும் போயிரும், கொழுந்து பறிக்கிற லயத்து சனமும் என்னை உயிரோட விடாது.

பயமா இருக்கு, நானா. ஒரே ஒரு வார்த்தை. ஒங்க தராசுதான் மூணு றாத்தல் கூட்டிக் காட்டுதுன்னு தொரக்கிட்ட சொல்லிருங்க. பத்து வருசப் பழக்கம் நமக்கு...

நானா? கடையை மூடுற பலகையை எதுக்கு எடுத்து மாட்டுறீங்க? இன்னும் மத்தியானங்கூட ஆகலையே...