செல்டாவின் தோளைப் பார்த்து வாசித்தவள்

மேடையில் அமர்ந்திருக்கும் நம் குரு ரப்பி அவர்களே, நிர்வாகக் குழுத் தலைவர் மார்வின் அவர்களே, தாயைப் பறிகொடுத்துவிட்டு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாலியா அவர்களே, வெள்ளிக்கிழமை தோறும் செல்டாவோடு சேர்ந்து பாடிய மில்வாக்கி மக்களே! துக்கத்தின் முப்பதாம் நாளான இன்று உங்கள் முன் நிற்கிறேன். பியானோவின் முன் உட்கார்ந்தே பழகியவள் இந்த டாக்னி. நின்று பேசுவது எனக்குப் புதிது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் யூத ஜெப ஆலயத்தின் பாடல் தலைவர் செல்டா பெர்ல்ஸ்டைன் அம்மையாரைவிட நல்ல குரல் இந்த ஊரில் இல்லையா? உண்டு. அவரே சொல்வார். ஆனால் வாய் திறக்காத கணவன்மார்களையெல்லாம் பாட வைத்த வித்தை வேறு யாருக்கு வந்தது? நடுவில் தான் பாடுவதை நிறுத்திவிட்டு, நீங்கள் பாடுவதைக் கேட்டுக்கொண்டு நிற்பாரே, அந்த முகத்தை மறக்க முடியுமா?

நானோ லூத்தரன் கிறிஸ்தவ வீட்டுப் பெண். ஞாயிற்றுக்கிழமை எங்கள் தேவாலயத்தில் வாசிப்பேன், வெள்ளிக்கிழமை இங்கே. நான் வந்த முதல் வெள்ளி. ஓய்வு நாளான சபாத்தை மணப்பெண்ணாக வரவேற்கும் பாட்டின் கடைசிச் சரணம். சபை மொத்தமும் எழுந்தது. எனக்கு முதுகைக் காட்டி வாசல் பக்கம் திரும்பியது! என் வாசிப்புப் பிடிக்காமல் எழுந்து போகிறார்கள் என்று பயந்து கையை எடுத்துவிட்டேன். செல்டா அசரவில்லை. கைதட்டித் தாளம் போட்டே பாட்டை முடித்தார். பிறகு காப்பி மேசைக்கு வந்தார்.

“ஏன் நிறுத்திட்ட?”

“எல்லாரும் கிளம்பிட்டாங்கன்னு நினைச்சேன்.”

“அட கடவுளே! வாசல்ல கல்யாணப் பொண்ணு வந்து நிக்கிறா, திரும்பிப் பார்க்காம இருப்பாங்களா? அடுத்த வாரம் நீயும் திரும்பு. கை மட்டும் பியானோமேல இருக்கட்டும்.”

எங்களுக்குள் சண்டையே வந்ததில்லை என்று யாராவது இங்கே புகழ்ந்தால் நம்பாதீர்கள். வியாழக்கிழமை ஒத்திகை என்றால் சண்டைதான். “ஏன் இப்படி ஓடுற டாக்னி, நாயா துரத்துது?” என்பார். “நீ தூங்கிட்டே பாடுற, நான் என்ன பண்றது?” என்பேன். ஆனால் வெள்ளிக்கிழமை மாலை வந்துவிட்டால் நான் இசைத்தாளைப் பார்த்ததில்லை. செல்டாவின் தோளைப் பார்த்தேன். தோள் உயர்ந்தால் மூச்சு எடுக்கிறார். அது இறங்கும்போது என் விரலும் இறங்கும்.

சென்ற ஆண்டு மன்னிப்பு நாளின் முன்மாலை. நோய் அவர் குரலைத் தின்றுகொண்டிருந்தது. அன்றைய பாட்டை மூன்று முறை பாட வேண்டும். ஒவ்வொரு முறையும் குரல் ஏற வேண்டும். இரண்டாம் முறை குரல் உடைந்தது. பதறிப்போய் அதை மறைக்க ஓங்கி வாசித்தேன். செல்டா என் பக்கம் கையை மூடிக் காட்டினார். நிறுத்தச் சொல்கிறார்! உடைந்த குரலை இத்தனை பேர் முன்னால் தனியே விடச் சொல்கிறார்! மனம் வருமா? ஆனாலும் நிறுத்தினேன். அப்போதுதான் எனக்குக் கேட்டது. நீங்கள் எல்லோரும் ஏற்கெனவே மெல்லப் பாடிக்கொண்டிருந்தீர்கள்! என் இரைச்சலில் எனக்குக் கேட்காதது அவருக்குக் கேட்டிருக்கிறது. மூன்றாம் முறை முழுவதும் நீங்களே பாடினீர்கள். செல்டா உதட்டை மட்டும் அசைத்தபடி அழுதுகொண்டு நின்றார். நானும் அழுதேன்.

அவர் படுக்கையில் விழுந்ததும், அவர் இடத்தில் பாட வந்த யாரிவுக்கோ வேறு யாருக்குமோ இனி வாசிக்க மாட்டேன் என்று மார்வினிடம் சொல்லிவிட்டேன். அது செல்டாவின் காதுக்குப் போய்விட்டது. மருத்துவமனையில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“யாரிவுக்கு வாசிக்க மாட்டியாமே?”

“அவர் பாடுறது எனக்குப் பிடிக்கல. கண்ட சுருதியில ஆரம்பிக்கிறார்.”

“நான் மட்டும் ஒழுங்கா ஆரம்பிச்சேனா? நீ கூட வந்த, ஒழுங்காச்சு. பைத்தியக்காரி, போய் வாசி.”

தலையாட்டினேன். ஆனால் அவர் போன பிறகு பியானோவின் மூடியைத் திறக்கக் கை வரவில்லை. எனக்குப் பதிலாகப் பியானோ இசையின் ஒலிப்பதிவை வைத்தார்கள். சென்ற வெள்ளி நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். புதிய பாடல் தலைவர் யாரிவ் ஒரு வரியின் நடுவில் மூச்சுக்காக நின்றார். ஒலிப்பதிவு நிற்கவில்லை. அதை எட்டிப் பிடிக்க அவர் ஓடினார். நீங்களும் ஓடினீர்கள், பாதிப் பேர் வாயை மூடிக்கொண்டீர்கள். செல்டா வாழ்நாளெல்லாம் திறந்து வைத்த வாய்கள்! இதற்கா அவர் பாடுபட்டார்? நெஞ்சு பொறுக்கவில்லை எனக்கு.

ஆகவே, அவர் நினைவு நம் எல்லோருக்கும் ஆசியாக இருக்கட்டும் என்று வேண்டி, இந்தச் சபை அறிய ஒரு வாக்குக் கொடுக்கிறேன். மார்வின் அவர்களே, அந்த ஒலிப்பதிவை அணைத்துவிடுங்கள். யாரிவ், நாளைக்கு ஒத்திகைக்கு வாங்க. சண்டை போடுவேன், முன்கூட்டியே சொல்லிட்டேன். ஆனா வெள்ளிக்கிழமை நீங்க எந்தச் சுருதியில வேணும்னாலும் ஆரம்பிங்க. தப்பா இருந்தா, அந்தத் தப்புலயே நானும் கூட வரேன்.