எண்ணூறு மீட்டர்

இருந்தவர்கள்: மாயவன், மரக்காணம் உப்பளத்தில் கூலி. அமுதவல்லி, அவர் மகள். கல்லூரியில் இரண்டாம் வருஷம், எண்ணூறு மீட்டர் ஓடுபவள். நடராசன், அவளை ஓடப் பழக்கும் பி.டி. சார். 2006 மாசி மாதம், மாயவன் வீட்டுக்குள்.

— டீயெல்லாம் வேணாம்பா மாயவன். மொதல்ல இவ காலப் பாரு. பாளம் பாளமா வெடிச்சிருக்குது. சனிக்கிழமை யுனிவர்சிட்டி மீட். ஒரு வாரம் ரெஸ்ட் எடுக்கட்டும்னு அனுப்புனா, உப்புப் பாத்தியில எறக்கி வேலை வாங்குறியே, மனுசனா நீ?

— யாரு சார் எறக்குனது? காலேஜ் சேந்ததிலேர்ந்து அவள வரப்புமேலகூட நான் விட்டதில்ல. ரப்பர் பூட்ஸ் போட்ட எனக்கே கால் எரியுது.

— அப்ப இந்த வெடிப்பு எங்கேர்ந்து வந்துச்சு? கிரவுண்டுல நானா உப்பக் கொட்டி வெச்சிருக்கேன்?

— அப்பாவ ஏன் சார் திட்டுறீங்க? நானேதான் போனேன்.

— எங்கம்மா போன?

— பாத்திக்குதாம்பா. நீ எழுந்திருக்கறதுக்கு முன்னாடி. உப்புத்தண்ணியில வெறுங்கால்ல நிப்பேன். வீட்டுக்கு வந்ததிலேர்ந்து தினம்.

— பைத்தியமா அமுதா ஒனக்கு? எதுக்கு?

— கால் வெடிச்சா ஓடச் சொல்ல மாட்டீங்கல்ல சார்.

— ஓடப் புடிக்கலன்னா வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன?

— சொன்னேன். லைன்ல நின்னா வாந்தி வருதுன்னேன். எலுமிச்சம்பழத்த மோந்து பாருன்னீங்க. தூக்கமே இல்ல, நெஞ்சு அடைக்குதுன்னேன். குளுக்கோஸ் குடுத்தீங்க.

— அது எல்லாருக்கும் இருக்குறதும்மா. டென்ஷன் இருந்தாத்தான் டைமிங் வரும்.

— ராத்திரியெல்லாம் ஹாஸ்டல் மாடியில சுத்திச் சுத்தி நடக்குறேன் சார். பொண்ணுங்க பேய்னு கத்துதுங்க.

— இத ஏம்மா எங்கிட்ட சொல்லல?

— நீதாம்பா டீக்கடை டீக்கடையா எம்பொண்ணு ஓடுறான்னு சொல்லிக்கினு இருந்தியே.

— சரி, மாயவன், கேளு. பிளாஸ்டர் ஒட்டி, ரெண்டு சாக்ஸ் மாட்டி ஓட வெச்சிரலாம். எண்ணூறு மீட்டர்தானே.

— சார், அவ சொன்னது காதுல விழுந்துச்சா இல்லியா?

— விழுந்துச்சுப்பா. ஆனா இவளுது ஸ்போர்ட்ஸ் கோட்டா சீட்டு. ஓடலன்னா சீட்டும் போவும், ஹாஸ்டலும் போவும். அப்புறம் ஒன்னாட்டம் உப்புதான் வாரணும்.

— வாரட்டும். பூட்ஸ் போட்டுக்கினு வாரட்டும். நீங்க கெளம்புங்க.

— நான் தனியாப் போயி நின்னா பிரின்சிபால் என்னையக் கேப்பாரு...

— கெளம்புங்கன்னேன்.

— ஏய், கைய எடுய்யா! தள்ளாத! அமுதா, நீ சொல்லு...

— ஆச்சு. தாழையும் போட்டுட்டேன், பூட்டையும் போட்டுட்டேன். எவ்ளோ நேரம் தட்டுறாரோ தட்டட்டும். நீ படு பாப்பா. இனிமே ஓட வேணாம்.

— ம்.

— பாரு, நிறுத்திட்டாரு. பஸ் ஸ்டாப்புக்குப் போறாரு போல. ஏன் எழுந்துட்ட? ஷூவ எதுக்கு மாட்டுற? ரத்தம் வருது பாரு.

— பூட்டத் தொறப்பா. சீட்டு போவக்கூடாது. சார் பஸ் ஏறுறதுக்குள்ள ஓடிப் புடிச்சிடுவேன்.